பின் சீட்டில் இருபத்திரண்டு வருடம்

மச்சான்,

இன்று காலை என் வீட்டுக்காரி துவைக்கப் போடுவதற்காக என் சட்டையை எடுத்தாள். மூக்கருகே கொண்டு போனவள் அப்படியே நின்று, "இது ஒங்க சட்டையா, அவரு சட்டையா?" என்று கேட்டாள். என் சட்டைதான். பையில் இருந்த ரப்பர் கட்டிதான் அப்படி மணந்தது. ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கூடத்து வாசம். ரப்பர் பெக்டரியில் அத்தனை வருடம் மெசின் பிட்டராக இருந்தவன் நீ, உன் சாமான் எதைத் தொட்டாலும் அந்த வாசம்தான் வரும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட நீ எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய் என்று மூக்கை வைத்தே நான் கண்டுபிடித்துவிடுவேன்.

அந்தக் கட்டி என் சட்டைப் பைக்குள் எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பாய். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் வெட்கமும் படுவாய். நான் பட்டேன்.

முதலில் நம் மோட்டார் பைக். தோட்ட மேனேஜர் பெரிய துரை மாற்றலாகிப் போனபோது பங்களாக் கொட்டகையில் துருப்பிடிக்க விட்டுப் போன பைக் அது. இரட்டைச் சிலிண்டர், முன்னால் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, சோபா போல அகலமான சீட்டு. தோட்டத்தில் எல்லாரும் அதில் கோழி அடைகாக்கும் என்றார்கள். நீ கேட்டு வாங்கி, எட்டு மாதம் பிரித்துப் பிரித்துப் பூட்டி, ஒரு நாள் எஹலியகொடையிலிருந்து பெல்மதுளைக்கு ஓட்டிக்கொண்டு வந்து என் ஹாட்வெயார் கடை வாசலில் நிறுத்தினாய். கடைக்குள் இருந்த டின்னெல்லாம் அதிர்ந்தது. "ஏறு மச்சான்" என்றாய். நான் ஏறினேன். அப்படி ஏறியவன்தான், இருபத்திரண்டு வருடம் இறங்கவில்லை.

போயாவுக்குப் போயா, அந்தப் பௌர்ணமி லீவு நாளில், நமக்கு வேறு வேலையே கிடையாது. உனக்கு பெக்டரி லீவு, எனக்குக் கடை லீவு. பலாங்கொடை தாண்டி, மேலே ஏறி, பெரகலைக்குக் கிட்டே அந்த வளைவு வரை போவோம். கீழே முழுத் தென்பகுதியும் விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடக்கும், உடவளவைக் குளம் மினுங்கும், மேகம் இல்லாவிட்டால் கடைசியில் கடல் ஒரு கோடு மாதிரி தெரியும். ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் தின்போம். பால் விடாத பிளேன்டீ குடிப்போம். திரும்புவோம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக மற்ற இருபத்தொன்பது நாளும் நான் ஆணியும் பெயின்ட்டும் விற்றேன்.

நான் அதை ஓட்டியதே இல்லை. முதல் மாதமே கோவில் வாசலில், இத்தனை சனத்துக்கு முன்னால், நின்ற இடத்திலேயே சாய்த்துவிட்டேன் அல்லவா? அன்றோடு சரி. கடைச் சாமான் கொண்டு போகிற என் ஸ்கூட்டர் போதும் என்று கும்பிடு போட்டுவிட்டேன். பின் சீட்டுக்காரனுக்கு நீ வைத்த சட்டம் ஒன்றுதான்: "நான் சாயுற பக்கம் சாயி. யோசிக்காத." எனக்கு அது நன்றாக ஒத்துவந்தது. யோசிக்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன்.

காபிரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் அந்த ரப்பர்க் குழாய்கள் இரண்டும் வெடித்துப்போன கதைக்கு வருகிறேன். புதுசு தேடி கொழும்புக்கு, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போவோம் என்று நான் சொன்னேன். உனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"டேய், ஒலகத்துக்கே ரப்பர் குடுக்குறது நாங்க. ஒரு வெரல் நீளத்துக்கு நான் கொழும்புக்குப் போய்க் கை நீட்டணுமா?"

கொய்யாக் கட்டையில் அச்சுச் செதுக்கினாய். ரப்பர் பாலை ஊற்றி, உறையவைத்து, சுற்றிச் சுற்றி ஒட்டி, புகைக்கூடத்தில் ஷீட்டுகளோடு தொங்கவிட்டாய். நான்கு நாள் கழித்துத் தேன் நிறத்தில் இரண்டு குழாய். அவ்வளவு அழகான உதிரிப்பாகத்தை நான் என் கடையில்கூட விற்றதில்லை. பூட்டினோம். எஞ்சின் தாலாட்டுப் பாடிற்று. பலாங்கொடை வரைக்கும் நீ திரும்பித் திரும்பி, "கேக்குதா? சத்தம் கேக்குதா?" என்று கத்திக்கொண்டே வந்தாய்.

பலாங்கொடை தாண்டி, ஏற்றத்தில், அந்தச் சத்தம் இருமலாகி நின்றுபோயிற்று. பிரித்துப் பார்த்தால் குழாய் எங்கே இருக்கிறது? அல்வா மாதிரிக் குழைந்த தொதல்தான் இருந்தது. பெட்ரோல் பட்டு, சூடு பட்டு, பெருவிரலை வைத்தால் விரலோடு வந்தது. மரக்கறி லொறிக்காரர் ஒருவர் நிறுத்தி, "மொகத மல்லி?" என்று, என்ன தம்பி என்று சிங்களத்தில் கேட்டார். நீ காட்டினாய். எதில் செய்தது என்று கேட்டார், சொன்னாய். எங்கே வேலை என்று கேட்டார், அதையும் சொன்னாய். அந்த மனிதர் ரோட்டோரம் குந்திவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய ரேடியேட்டர் குழாயில் இரண்டு துண்டு வெட்டித் தந்தார். கம்பியால் இறுக்கிக் கட்டி, நத்தை மாதிரி உன் வீடு வந்து சேர்ந்தோம்.

வாசலில் உன் பெண்டாட்டி செல்வி நின்றிருந்தாள். அப்போதுதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ கதையைச் சொல்லி முடித்தாய். அவள் அந்தத் துணியைத் தூக்கிக் காட்டினாள்.

"கையில ஒட்டுன ரப்பர தெனமும் இதப் போட்டுத்தானே கரைக்கிறேன். பெட்ரோல் மட்டும் என்ன செய்யும்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அப்புறம் எத்தனையோ வருடம் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோம். லொறிக்காரரை நடித்துக் காட்டுவோம், தொதலை நடித்துக் காட்டுவோம். செல்வி கேட்ட கேள்வியை மட்டும் கதையில் சேர்த்ததே இல்லை.

நீ கண்ணை மூடிய பிறகு செல்வி சின்ன லொறி ஒன்றில் பைக்கை ஏற்றிக் கடைக்கு அனுப்பிவிட்டாள். பின்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"அவரு ஒங்களுக்குத்தான்னு சொல்லிட்டாரு அண்ணே. நீங்களே வெச்சுக்கங்க. பொங்கல் முடிஞ்சதும் மகளோட கொழும்புக்குப் போறேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும்."

"கேளு தங்கச்சி."

"அந்த வளைவு வரைக்கும் இதுல என்னைய ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க."

வேனில் எல்லாருமாகப் போகலாமே என்று உளறினேன். "வேன்ல போறதுக்கு ஒங்கள எதுக்கு அண்ணே கேக்கணும்?" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், "நான் ஒரு தடவகூட ஏறினதில்ல. சீட்டு காலியா இருந்தாத்தானே" என்றாள்.

மச்சான், அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருடம் நான் உட்கார்ந்திருந்தது அவளுடைய சீட்டு. அதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "இப்பத்தான் வெளங்குதா?" என்றாள். "அவங்கள மொதல்ல கூட்டிட்டுப் போங்க. அடுத்த போயா எனக்கு."

பொங்கலுக்கு நான்கு மாதம் இருந்தது. வண்டியோ ஒரு வருடம் நின்ற வண்டி. எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் நீ மல்லாந்து கிடந்து கை நீட்டும்போதெல்லாம் ஸ்பேனர் எடுத்துத் தந்தவன் நான். பன்னிரண்டுக்குப் பிறகு பத்து, பத்துக்குப் பிறகு பிளக் ஸ்பேனர், அப்புறம் மெல்லிய ஸ்குரூ டிரைவர். எதற்கு என்று தெரியாது, வரிசை மட்டும் கைக்குத் தெரியும். அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து, எந்த நட்டுக்குப் பொருந்துகிறதோ அதைக் கழற்றினேன். பிளக் மாற்றினேன். காபிரேட்டர் இரண்டையும் கழுவினேன். குழாய்க்கு மரியாதையாகப் பஞ்சிகாவத்தைக்கே போனேன். ஸ்பேனர் சுற்றிய சாக்குத் துணியின் கடைசி மடிப்பில்தான் அந்தக் கட்டி கிடைத்தது. உருகிய குழாயில் ஒரு துண்டு. கல்லாக இறுகி, மேலே உன் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்து இருக்கிறது. அதை நீ எடுத்து வைத்திருக்கிறாய், என்னிடம்கூடச் சொல்லாமல்.

ஞாயிறு ஞாயிறாகப் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். மூன்று தடவை சாய்த்தேன். அதன் பிறகு சாயவில்லை. கடைசி மாதம் என் வீட்டுக்காரியின் தம்பியைப் பின்னால் ஏற்றிப் பலாங்கொடைக்கும் பெல்மதுளைக்குமாக ஓட்டித் திரிந்தேன்.

போன போயாவுக்குச் செல்வி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மகளின் சுரிதார், உன்னுடைய ஹெல்மெட். ஏறி உட்கார்ந்து, "நான் என்ன செய்யணும் அண்ணே?" என்று கேட்டாள்.

"நான் சாயுற பக்கம் சாயிம்மா. யோசிக்காத."

பலாங்கொடை வரை நான் மூச்சே விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்கப்புறம் மெல்ல மெல்ல ஒரு சந்தோஷம் வந்தது. முன்னால் உட்கார்ந்தால் காற்று நேரே நெஞ்சில் அடிக்கிறது. இவ்வளவு காற்றையும் நீ ஒருத்தனாகவா குடித்தாய்? பாட்டுக்கூடப் பாடினேன். செல்வி தோளில் தட்டி, ரோட்டைப் பார்க்கச் சொன்னாள்.

ஹல்துமுல்லை தாண்டி ஏற்றத்தில் எஞ்சின் இருமியது. பின்னால் பஸ், பக்கத்தில் பள்ளம், முதுகுக்குப் பின்னால் உன் செல்வி. அந்த ஏற்றத்தில் நீ என்ன செய்வாய் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் முதுகுதானே. அப்போது ஞாபகம் வந்தது. இப்படி இருமும்போதெல்லாம் உன் இடது முழங்கை ஒரு தடவை கீழே இறங்கி ஏறும். இருபத்திரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். என் முழங்கையை அதே மாதிரி கீழே இறக்கினேன். டேங்குக்கு அடியில், கை போய் நின்ற இடத்தில், ஒரு சின்னத் திருகு இருந்தது. திருப்பினேன். ரிசர்வ் பெட்ரோல் இறங்கி எஞ்சின் மறுபடி தாலாட்டுப் பாடிற்று. நான் அழுதேன் மச்சான், ஒளிக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

வளைவில் மேகம் இல்லை. குளம் மினுங்கியது, அதற்கு அப்பால் கடலும் தெரிந்தது. செல்வி கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இத்தன வருஷமா இத ரெண்டு பேரும் தனியாவே வெச்சிருந்தீங்களா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். உனக்கு விழ வேண்டியதில் பாதியும் சேர்த்து நான்தான் வாங்கிக்கொண்டேன், தெரிந்துகொள்.

ரொட்டி வந்தது. அந்தக் கட்டியை எடுத்து அவளிடம் நீட்டினேன், அவளுக்குத்தான் சேர வேண்டும் என்று. வாங்கி மோந்தாள், நகத்தால் கீறினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நாலு நாள் பத்தாது. சரியா காயவே இல்ல" என்றாள். அதற்கப்புறம் உன் ரேகையின் மேல் தன் பெருவிரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிளேன்டீ ஆறிப்போயிற்று. கடைசியில் கட்டியை என் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டாள்.

"நீங்க வெச்சுக்கங்க அண்ணே. எனக்கு இந்தச் சீட்டு கெடச்சிருச்சு."

அதனால்தான் என் சட்டை இப்படி மணக்கிறது. துவைத்தாலும் போகாது என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த போயா அவளுடைய முறை, மழைக்கோட்டுகூட வாங்கியாகிவிட்டது. அதற்கடுத்த போயாவுக்குக் கொழும்பிலிருந்து வருவதாகச் செல்வி இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். சீட்டுக்கு வரிசை நிற்கிறது மச்சான். நீ இருந்திருந்தால், வண்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நாம் இரண்டு பேரும் பஸ்ஸில்தான் பின்னால் வந்திருக்க வேண்டும்.