பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பு

சென்னை
18.6.1998

அன்புள்ள ரேணு,

இங்கே நலம். நீ கடிதம் போட்டு எத்தனை மாதமாகிறது? சரி, சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

ஆறாம் வகுப்புத் துணைப்பாட நூலுக்கு நான் எழுதிய பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். கிரிவலப் பாதையில் இருக்கும் ஒரு பள்ளியைப் பற்றியது. அதில் வரும் டீச்சருக்கு உன் பெயரையே வைத்துவிட்டேன். பயிற்சிப் பள்ளி விடுதியில் என் பாடக்குறிப்பையெல்லாம் திருத்திக் கொடுத்தவள் நீதானே!

மாதிரிப் பிரதிகள் உன் பள்ளிக்கும் வரும். பிள்ளைகளின் கருத்தை நூல் குழு கேட்கிறது. விலாசம் பின் அட்டையில் இருக்கிறது. இது நல்லபடியாக முடிந்தால் குழுவில் என் வேலையை நிரந்தரமாக்குவார்கள். அண்ணாமலையாரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லிவை.

உன்
ராஜி


அடி அண்ணாமலை
20.7.1998

அன்புள்ள ராஜி,

பாடத்தில் என் பெயரைப் பார்த்ததும் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கடலைக் கொல்லைக்காரர் மகன், குருக்கள் மகன், செங்கல் சூளையிலிருந்து வந்த தெலுங்கு பேசும் பெண் எல்லோரும் என் வகுப்பில் ஒரே பெஞ்சு. சிலர் கடகடவென்று படிப்பார்கள், சிலர் எழுத்துக்கூட்டுவார்கள். அதனால் எதைப் படித்தாலும் எல்லோரும் வாய் திறக்க மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். எழுதியது யார்? யாருக்காக? இதில் யார் இல்லை? சோப்பு விளம்பரம் ஆனாலும் பஞ்சாயத்து நோட்டீஸ் ஆனாலும் இதேதான்.

உன் பாடத்தையும் அப்படியே படித்தோம். 'பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பு நிரம்பி வழிந்தது' என்ற வரியில் மாறன் சிரித்துவிட்டான். "மறுநாளு யாரு டீச்சர் வருவாங்க? நைட்டெல்லாம் எங்கம்மாகூட டீ விக்கிறேன்" என்றான். சினேகா, "எங்கம்மா ரோட்டுல கெடக்கற எச்சில் இலையெல்லாம் வாரப் போயிடுவாங்க. தம்பியை நான்தான் பாத்துக்கணும்" என்றாள். குருக்கள் வீட்டு ஸ்கந்தன்கூட, "நானும் வரமாட்டேன். அப்பாவோட கோயில்லயே தூங்கிடுவேன்" என்றான்.

ஆளுக்கொரு கார்டு எழுதினார்கள். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். உனக்கு அனுப்பலாமா என்று ஒருநாள் பையிலேயே வைத்திருந்தேன். அப்படிச் செய்தால் அது நம் இருவர் விஷயமாகிவிடும். பிள்ளைகள் குழுவுக்குத்தான் எழுதினார்கள். அங்கேயே போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன்.

ரேணு


சென்னை
9.8.1998

ரேணுகாம்பாளுக்கு,

கார்டுகளைக் கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். நானும் உட்கார்ந்து கேட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க அந்த ஊர்தானேம்மா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிள்ளைகள் எழுதியதில் பொய் இல்லை. நான் வளர்ந்த சன்னதித் தெருவில் பௌர்ணமி என்றால் விசேஷம். மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு டவுன் பள்ளிக்குப் போவோம். அங்கே வகுப்பு நிரம்பித்தான் இருந்தது. பாதைமேல் இருக்கும் பள்ளியும் அப்படித்தான் என்று எழுதிவிட்டேன்.

பாடத்தை மாற்றித் தருகிறேன். வேலை நிரந்தரமாகவில்லை. அதுகூடப் போகட்டும். அந்த ஒருநாள் பையில் வைத்திருந்தாயே, அன்றைக்கு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். கூட்டத்தில் நானே எழுந்து சொல்லியிருப்பேன். உன் மூன்று கேள்வியில் எனக்கென்று ஒன்றுமே இல்லையாடி?

ராஜராஜேஸ்வரி


அடி அண்ணாமலை
21.6.1999

அன்புள்ள ராஜி,

இடையில் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. இதற்கும் நான் எதிர்பார்க்கவில்லை.

புத்தகம் வந்துவிட்டது. ஏழாம் வகுப்புக்குப் போய்விட்ட பழைய பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து உன் பாடத்தைப் படித்தோம். மறுநாள் வகுப்பு காலியாக இருக்கிறது. டீ விற்கும் பையன் இருக்கிறான். கோயிலில் தூங்கும் பையன் இருக்கிறான். இலை வாரும் அம்மாவைப் பற்றிய பத்தியைச் சினேகா திரும்பத் திரும்பப் படித்தாள். நன்றாக எழுதியிருக்கிறாய்.

வழக்கம்போலக் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். இதில் யார் இல்லை?

மாறன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போன வருஷப் பொஸ்தகத்துல ரேணுகா டீச்சர் இருந்தாங்க. இதுல டீச்சரே காணோம்" என்றான்.

"ஏன் எடுத்துட்டாங்கன்னு கார்டு போட்டுக் கேக்கட்டுமா டீச்சர்?" என்றாள் சினேகா.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வகுப்பில் ஒரு கேள்வியை நான் வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை. காரணம் எனக்குத் தெரியும்.

ரேணு