தர்சிகாவுக்கு அனுப்பிய சத்தங்கள்

நவம்பர் 4, செவ்வாய்

எங்களைப் புகழ்கிற எல்லாரும் பொய் சொல்கிறார்கள். வாயால் "பெரிய மனசு." உள்ளுக்குள், "நல்ல காலம், அந்தப் பிள்ளை எங்கட வீட்டுக்கு வரேல்லை."

காலையில் முதல் பனி. நிலத்தில் ஒட்டவில்லை. கார்தெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், நாள் முழுக்கப் பிறத்தியார் பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கிறேன். அதற்கு ஒருவரும் பெரிய மனசு என்று சொன்னதில்லை.

மத்தியானம் தத்தெடுப்பு ஏஜென்சிப் பெண் ஃபோன் எடுத்தாள். வழமையான நடைமுறையாம். பிள்ளைக்குப் பட ஆல்பம் அனுப்பவேண்டும்: வீடு, அறை, கட்டில், அப்பா, அம்மா. பிள்ளைக்குக் கண் தெரியாது என்றேன். மறுபக்கம் தாள் புரட்டும் சத்தம். ஓம், அது தெரியும் மதாம், ஆனாலும் ஃபைலில் ஆல்பம் இருக்கவேண்டும் என்றாள். பிரெஞ்சில் கேட்டால் இன்னும் மரியாதையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ரமணனிடம் சொன்னேன். சிரித்தான். "ஃபைலுக்குப் படம் குடுப்பம். பிள்ளைக்குச் சத்தம் அனுப்புவம்."

இவனைக் கட்டியது இதற்குத்தான்.

சத்தங்கள்:
முன்கதவுப் பூட்டு
நிலவறைப் படி, கிறீச்சிடுவது மட்டும்
ஹீட்டர் தட்டுவது
உறைந்த தேங்காய்ப்பூவை (துருவல் கட்டி) உடைப்பது
மெட்ரோ கதவு மூடும்போது வரும் மூன்று சுரம்
ர. மூக்கை உறிஞ்சுவது (வேண்டாமாம். கட்டாயம் போடவேண்டும்)

நவம்பர் 6, வியாழன்

எல்லாம் பதிந்தாயிற்று. தேங்காய்ப்பூதான் நன்றாக வந்திருக்கிறது. உடைந்து சட்டியில் விழுகிற சத்தம், அதன் மேல் என் குரல்: "இது எங்கட குசினி, தர்சிகா. நான் உனக்குச் சொதி வைக்கிறன்." மட்டக்களப்பில் அவள் இருக்கிற விடுதியின் சிஸ்டருடைய ஃபோனுக்கு அனுப்பினோம். சிஸ்டர் போட்டுக் காட்டுவா. ஏழு வயது. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஹீட்டர் சத்தம் என்ன விளங்கும்?

பின்னேரம் மச்சாள் கீழே வந்தா. ர.வின் அக்கா. அவனை ஸ்பொன்சர் செய்து எடுத்தவ. லாசாலில் இந்த வீடு அவவுடையது, அவ மேலே, நாங்கள் கீழே. கதவு தட்டும் பழக்கம் இல்லை. ரொறன்ரோச் சொந்தங்களோடு ஃபோனில் கதைப்பதென்றால் எங்கள் குசினிதான், மேலே சிக்னல் இல்லையாம். நேற்றும் நின்று கதைத்தா. பிள்ளையின் காலளவு கேட்டா. குளிருக்குச் சப்பாத்து வாங்கப் போறாவாம். ரோஸ் நிறம் வாங்குங்கோ என்றான் ர. எந்த நிறமெண்டால் அவளுக்கு என்ன என்றா. பிறகு தானே, ரோஸ்தான் நல்லம் என்றா.

செய்யவேண்டியது: மேசை மூலைகளுக்கு ரப்பர். பிரெய்ல் ரீச்சரிடம் கேட்க, தமிழ் பிரெய்ல் தெரிந்தவள் பிரெஞ்சுக்கு மாற எவ்வளவு காலம். பால். பேருந்து அட்டை.

நவம்பர் 9, ஞாயிறு

கர்க்லாண்டில் ஒரு பிறந்தநாள். வீட்டு வாசல் முழுக்க சப்பாத்து. கோப்பையோடு வரிசையில் நிற்கும்போது பின்னால் இரண்டு பேர், என் முதுகு ஆருடையது என்று தெரியாமல்.

"ஊரிலை கண் தெரியிற பிள்ளையே இல்லாமப் போச்சே?"

"உப்பிடிப் பிள்ளையெண்டால் கெதியாக் குடுப்பினமாம்."

திரும்பிப் பார்த்தேன். ஒருவர் ரோல்ஸைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எடுத்துச் சாப்பிட்டேன், நல்ல ரோல்ஸ்.

கூடத்தில் மச்சாளைச் சுற்றிப் பெண்கள். "நாங்கள் எடுக்கிறம்" என்று சொல்லிக்கொண்டிருந்தா. நாங்கள். ஒருத்தி அவவின் கையைப் பிடித்துக் கண் கலங்கினா. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான். தர்சிகா புண்ணியக் கணக்கில் வருகிற ஆள் இல்லை. எங்களுக்கு ஒரு பிள்ளை வேண்டும், அவளுக்கு ஒரு வீடு வேண்டும். இதில் தியாகம் எங்கே இருக்கிறது?

வரும்போது காரில் மச்சாள் நித்திரை. ர. ரேடியோவைக் குறைத்தான்.

நவம்பர் 13, வியாழன்

பதில் வந்தது. வேலைக்குப் போகும் வழியில் திறக்கவில்லை. இரவு சாப்பிட இருந்தபோது இருவரும் சேர்ந்து கேட்டோம்.

மெல்லிய குரல், அவசரமே இல்லை. படி ஏன் அழுகிறது என்று கேட்டாள். ஆருக்குத் தடிமன் என்று கேட்டாள். ர. மூக்கைப் பொத்திக்கொண்டான். மெட்ரோச் சுரத்தைத் தானே பாடிக் காட்டினாள், பிசகில்லாமல். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு சின்ன இருமல், மச்சாள் இருமுவது போலவே, இருமி முடித்து அவவின் அதே இழுவையில்:

"குருட்டைக் கொண்டந்து கட்டி அழப் போகினம்."

திரும்பத் தன் குரலில், "அந்த மாமி ஆரு? அவவும் அந்த வீட்டயா இரிக்கா? என்னோட ஒருக்கா கதைக்கச் சொல்லுங்க."

ர. சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

நாங்கள் அனுப்பியதை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிக் கேட்டோம். இருக்கிறது. தேங்காய்ப்பூவுக்குப் பின்னால், நான் சொதி வைக்கிறன் என்று கொஞ்சுகிற அதே நேரம், ரொறன்ரோவோடு மச்சாள். அனுப்ப முதல் கேட்டுத்தானே அனுப்பினோம். காதில் விழவில்லை. அவவின் பேச்சு எங்களுக்கு ஹீட்டர் மாதிரி.

சிஸ்டர் தனியாக ஒரு செய்தி வைத்திருந்தா. பிள்ளை அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாளாம். அழவில்லையாம். அடுத்த கிழமை அதிகாரிகள் வந்து அவளிடம் போக விருப்பமா என்று கேட்பார்கள். அவள் இல்லை என்றால் இல்லை. சிஸ்டர் கேட்டுப் பார்த்தாவாம். "அந்த மாமி முதல்ல கதைக்கட்டும், பேந்து சொல்றன்" என்றாளாம்.

நவம்பர் 15, சனி

மழை. ர. மேசை மூலைகளுக்கு ரப்பர் ஒட்டினான். முழங்காலில் நின்றபடி, என்னைப் பார்க்காமல், "அது ரீவி நாடகக் குரல் எண்டு பிள்ளைக்குச் சொல்லுவமே?"

"குரலை வச்சு ஆளைப் பிடிக்கிறவள். வந்த அண்டைக்கே பிடிப்பாள். பேந்து நாங்கள் சொல்லுற எதை நம்புவாள்?"

"அக்காவை நான் என்னெண்டு கேக்கிறது? என்னைக் கூப்பிட்டு எடுத்தவ."

"உன்னைக் கூப்பிட்டு எடுத்தவ. இவளைக் கூப்பிடுறது நாங்கள்."

அவன் ஒட்டியது கோணல். உரித்துத் திரும்ப ஒட்டினான். சண்டை இல்லை. வெளியே பக்கத்து வீட்டுக்காரன் பனிக்குக் கார்க் கூடாரம் அடிக்கிறான், ஒரே தபர்நாக் தபர்நாக் என்று பிரெஞ்சுத் திட்டு.

பால் மறந்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மச்சாள் சப்பாத்தோடு வந்தா. ரோஸ், உள்ளே மயிர்த்துணி, பக்கத்தில் இழுத்துப் பூட்டுகிற சிப். தொட்டுப் பார், மெத்தெண்டு கிடக்கு, இதைத் தொட்டால் அவளுக்குப் பிடிக்கும் என்றா. உண்மையாகவே மெத்தென்று இருந்தது. அதற்காக விடலாமா? இருங்கோ என்று கதிரையை இழுத்துவிட்டு, தர்சிகா பேசியதைப் போட்டேன்.

முதலில் தலையாட்டிச் சிரித்தா. இருமல் வந்ததும் சிரிப்பு நின்றது.

அது தான் இல்லை என்றா. நாங்கள் அனுப்பியதைப் போட்டேன். ரொறன்ரோவுக்குச் சும்மா வாயில் வந்ததாம், மனதில் ஒன்றும் இல்லையாம். இருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். மனதில் இல்லாமல் வருவதுதான் எனக்குப் பயம்.

"நீயே சொல்லிவிடன். மாமி வருத்தக்காரி, தெரியாமல் சொல்லிப்போட்டா எண்டு."

"அவள் என்னைக் கேக்கேல்லை."

ர.வைப் பார்த்தா. அவன் எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றான். அவன் செய்தது அவ்வளவுதான், ஆனால் செய்தான்.

சீனிப் பேணிக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்துப் பதிவை அழுத்தினேன். மச்சாள் மடியில் சப்பாத்து. சிப்பை மேலே இழுத்தா, கீழே இழுத்தா. ஹீட்டர் தட்டியது. ர. மூக்கை உறிஞ்சினான். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

"மச்சாள், பிள்ளைக்குப் பேர் தர்சிகா. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கதையுங்கோ."

சிப் மேலே. கீழே.

"கதையுங்கோ, மச்சாள்."