ஊருக்கு ஒரு ஷேரர்

உங்கள் கத்தரிக்கோல் இப்போது என்னிடம் இருக்கிறது, சம்பந்தி. நீங்கள் கண்மூடிய பிறகு வீட்டை ஒதுக்கிய உங்கள் மகன் கொண்டுவந்து தந்தார். தோல் உறையைத் திறந்ததும் எண்ணெய் மணந்தது. கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில், கழுத்தைச் சுற்றித் துவாயோடு நான் குனிந்திருந்த சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. முகம் சுட்டது. உங்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது.

பெட்டித் தொழிற்சாலையில் பதினொரு வருடம் ஒரே இயந்திரத்தில் நின்றோம். உங்கள் மத்தியானச் சாப்பாட்டில் பாதி என் வயிற்றுக்குள்தான் போனது. அப்போதெல்லாம் ஷேரர் என்பது எனக்கு உங்களைக் கூப்பிடுகிற சத்தம் மட்டும்தான். என் மகள் உங்கள் மகனைக் கட்டப்போகிறேன் என்றதும் அது விசாரிக்க வேண்டிய பெயராகிவிட்டது. எங்கள் ஆட்களென்றால் ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டே சாதியைப் பிடித்துவிடுவேன். உங்களிடம் அது சரிவராது. போனில் தேடினேன். ஜெர்மனியின் தெற்கில் பரவலான பெயர், முடி வெட்டிய முன்னோரிடமிருந்து வந்தது என்று போட்டிருந்தது. அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. எனக்கோ குடும்பப் பெயரே கிடையாது. கனடாப் படிவத்தில் அந்தக் கட்டத்துக்குள் அப்பாவின் பெயரை எழுதிச் சமாளித்தவன்.

“ஒரு சூட்கேசோட வந்தனீங்கள். அதுக்குள்ளை உந்தச் சாதியையும் மடிச்சு வைச்சோ கொண்டுவந்தனீங்கள்?” என்றாள் மனைவி.

காரணம் சாதி என்று உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சாதகம் பார்க்க வேண்டும், பையன் பிறந்த நேரம் நிமிடக்கணக்கில் வேண்டும் என்றேன். வெள்ளைக்காரர் எங்கே அதைக் குறித்து வைத்திருக்கப் போகிறார், சம்பந்தம் தானாக நின்றுவிடும் என்ற கெட்டித்தனம். நீங்களோ நிலவறைப் பெட்டிகளையெல்லாம் கிளறி, உங்கள் மனைவி எழுதி வைத்த குழந்தைக் குறிப்பேட்டோடு வந்து நின்றீர்கள். விடிய நாலு பதினேழு. “காணுமோ, இது போதுமோ?” என்று, வேலையில் என்னிடம் பொறுக்கிய தமிழில், பயந்து பயந்து கேட்டீர்கள்.

காணும் என்றேன். வேறென்ன சொல்ல?

கலியாணத்துக்கு முதல் சனிக்கிழமை என் தலையின் கோலத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கத்தரிக்கோலோடு வந்தீர்கள். “என் பெயரே இந்த வேலைதான், தெரியுமா?” என்று கேட்டீர்கள். “அப்படியா!” என்று வியந்தேன். அந்த நடிப்புக்கு எனக்கு ஒரு பரிசே தரலாம். “ஜெர்மனியில் எங்கே போனாலும் ஒரு ஷேரர் இருப்பான். எல்லா ஊரிலும் முடி வளரும்தானே,” என்று சிரித்தீர்கள்.

அப்போதே சொல்லிவிட வாயைத் திறந்தேன். “தலையை ஆட்டக் கூடாது,” என்றீர்கள். ஆட்டவில்லை. சொல்லவுமில்லை. அதன் பிறகு ஒன்பது வருடம் என் தலை உங்கள் கையில்தான் இருந்தது.

நேற்று பேத்திக்கு முன்முடி கண்ணில் விழுந்தது. உங்கள் கத்தரிக்கோலை எடுத்தேன்.

“அம்மப்பா, ஷேரர் எண்டா என்ன?”

“முடி வெட்டுறவை,” என்றேன், குரலைத் தாழ்த்தாமல். பெயர் பிடிக்காமல் நான் சாதகப் பொய் சொன்ன கதையையும், என்னைக் கோமாளியாக்கிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று பார்த்தேன்.

“ஓப்பாட்டை ஸொறி சொன்னீங்களோ?” என்று கேட்டாள். ஜெர்மன்காரர் தாத்தாவைக் கூப்பிடுவதுபோல், ஓப்பா என்றுதானே உங்களை அவள் கூப்பிடுவாள்.

“தலையை ஆட்டக் கூடாது, பிள்ளை,” என்றேன்.

அவள் ஆட்டவில்லை, சம்பந்தி. இல்லையென்று தலையாட்டியது நான்தான்.