பார்க்கிங்கில் நின்று கேட்ட பாட்டு

நீ என் பையனுக்கு வாங்கிக் கொடுத்த காதுமூடியை இப்போதுதான் டயப்பர் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். பச்சை நிறம், இரண்டு பக்கமும் பஞ்சு வைத்த குட்டிக் கிண்ணங்கள். ஒரு வருஷம் பெட்டியைப் பிரிக்காமலே இருந்ததால் புது பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகவில்லை. அதன் மேல் இன்று மதியம் ஏறிய வியர்வையும் தேங்காய் எண்ணெயும். முகர்ந்து பார்த்தேன். இனியும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. நீ போனபோதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. நான் எதையும் நேரத்துக்குச் செய்கிறவள் இல்லை, அது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்திருந்த இன்னொரு விஷயம் எனக்கு இன்றுதான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த பிஸ்கட்டவே ஊரில், எங்கள் அபார்ட்மெண்டின் பேஸ்மெண்ட்டில், துணி துவைக்கிற அறையில்தான் உன்னை முதலில் பார்த்தேன். எனக்கு அப்போது ஏழாம் மாதம். இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தும் அந்தக் கட்டடத்தில் வாஷிங் மெஷினைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. டிபெண்டென்ட் விசா, வேலைக்குப் போகக்கூடாது. கார் ஓட்டத் தெரியாது. நடந்து போகிற தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் மட்டும். திருச்சியில் மூன்று வருஷம் காலேஜில் பாடம் எடுத்தவள், இங்கே மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்த்தபடி சதீஷ் ஆபீசிலிருந்து எப்போது வருவார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

நீ இரண்டு டிரையர்களுக்கு நடுவில் நின்று, பித்தளைக் குழாயை முன்னே நீட்டி, பின்னே இழுத்து ஊதிக்கொண்டிருந்தாய். நான் கூடையைக் கீழே போட்டுவிட்டேன்.

“பயந்துட்டியா? டிரையர் ஓடும்போது வாசிச்சா மேல யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ண மாட்டாங்க, அதான்” என்றாய். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. நான் எங்க அம்மா வயித்துல இருக்கும்போது எங்கப்பா பக்கத்துலயே உக்காந்து ஊதுவாரு. அதான் இப்படி ஆயிட்டேன்” என்று சிரித்தாய்.

உன் அப்பா தூத்துக்குடியில் கோயில் பேண்டில் டிரம்போன் வாசித்தவர். திருவிழாவில் மாதா சப்பரத்துக்கு முன்னால் அவர் நடக்க, அந்தக் குழாய் போகிற இடமெல்லாம் நீ பின்னாலேயே போனாயாம். இங்கே எம்.எஸ். படிக்க வரும்போது இரண்டு பெட்டியில் ஒன்று முழுக்க அதுதான். வாரநாளில் மருந்துக் கம்பெனியில் வேலை, வாரக்கடைசியில் ஸ்கா, ரெக்கே என்று ஜமைக்கா இசை வாசிக்கிற ஒரு குழு. ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ட்ரெவர்தான் அதில் பேஸ் கிட்டார். ஜமைக்காவிலிருந்து சின்ன வயதிலேயே வந்தவர். ஸ்கா என்றால் என்ன என்று கேட்டேன்.

“ரெக்கே இருக்குல்லா, அதுக்கு அண்ணன். தம்பி நடப்பான், அண்ணன் ஓடுவான். அவ்வளவுதான்.”

அதற்கப்புறம் என் அழுக்குத் துணி சீக்கிரம் சீக்கிரம் சேர ஆரம்பித்தது. ஒரே ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டுகூட வந்திருக்கிறேன். நீ ஊதுவாய், நான் தொடையில் தாளம் போடுவேன். ஏழு வருஷம் பாட்டு கிளாஸ் போன கை, சும்மா இருக்காது. ஒரு நாள் நீ வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“ஏட்டி, நீ அடிக்கிற இடத்துல ஒண்ணுமே இல்ல. அதச் சும்மா விடு. அதுக்கு அடுத்தாப்ல அடி.”

இரண்டு முறை தப்பாகப் போட்டேன். மூன்றாம் முறை பிடிபட்டது. “இது அரை இடம் தள்ளி எடுப்புடி! எங்க டீச்சர் இதுக்கு என் கையிலயே அடிச்சிருக்காங்க. இதுக்கா நீ இவ்ளோ சீன் போட்ட?” என்றேன். நீ அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாய். அரை இடம். அரை இடம். பிறகு மோகனத்தில் நான் ஒரு பிடியைப் பாட, நீ அதையே குழாயில் இழுத்தாய். கமகம் தானாக விழுந்தது. “இந்தக் குழாய்க்கு உங்க பாட்டு வாத்தியார் தேவையே இல்ல போலயே” என்றாய். அந்தப் பிடியை வைத்து உன் குழு ஒரு பாட்டே செய்தது. அதற்கு லாண்ட்ரி என்று பேர் வைத்தாய். நடுவில் பதினாறு ஆவர்த்தனம் அந்தப் பிடியோடு உன் டிரம்போன் தனியாகப் போகும், கடைசியில் ஒரே மூச்சில் ஒரு நீள இழுப்பு என்றாய். “அது உன் இடம். ஃபெஸ்டிவல்ல வந்து கேளு.”

போன வருஷம் வந்தேன். ஆற்றங்கரைப் பூங்காவில், புல்லில் ஜமக்காளம் விரித்து, மூன்று மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. நீ மஞ்சள் சட்டையில் மேடை ஓரம் நின்று கையை ஆட்டினாய். பேஸ் கிட்டார் ஆரம்பித்ததும் அது தரை வழியாக என் எலும்பில் ஏறியது. குனிந்து பார்த்தேன். பையனின் உச்சந்தலையில், எலும்பு மூடாத அந்த மெத்தென்ற இடம், துடித்துக்கொண்டிருந்தது. அது எப்போதும் துடிப்பதுதான் என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு ட்ரெவரின் கிட்டார்தான் அதைத் துடிக்க வைக்கிறது என்று நினைத்தேன். அவனுக்குக் காது போய்விடும், மூளையில் ஏதாவது ஆகிவிடும். அவனை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

“கிளம்பலாம்” என்றேன்.

“இன்னும் ரெண்டு பாட்டுதானே இருக்கு? நான் வேணா அவனைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் நிக்கிறேன், நீ கேளு” என்றார் சதீஷ்.

“இல்ல, போலாம். இப்பவே.”

அவர் மேல் பழியைப் போட எனக்கு வழியே இல்லை. நானேதான்.

287 ஹைவேயில் பாதி தூரம் வந்திருப்போம், நீ கூப்பிட்டாய். பின்னால் ஒரே கூச்சல். “எங்கட்டி போன? ஆளையே காணோம்?”

“குழந்தை அழுதுட்டான்டி. பார்க்கிங்ல நின்னு கேட்டேன்.”

சதீஷ் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து ஒரு முறை என்னைப் பார்த்தார்.

“கேட்டியா?” என்றாய். “லாண்ட்ரிய கேட்டியா?”

“பின்ன? சூப்பரா இருந்துச்சு. அதுவும் அந்தக் கடைசில நீ இழுத்த பாரு, எனக்குப் புல்லரிச்சிருச்சு.”

 “ம்ம். அதுக்காகத்தான் மூச்சப் பிடிச்சு வச்சிருந்தேன்” என்றாய். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம், சத்தத்தைத் தடுக்கிற இந்தக் காதுமூடியோடு வந்தாய். “ரெண்டு வயசு வரைக்கும் போடலாம்னு போட்டிருக்கு. அடுத்த வருஷம் உனக்கு ஒரு சாக்கும் கிடையாது, பாத்துக்க. அதுக்குள்ள லைசென்ஸ் எடு. நீயா ஓட்டிட்டு வரணும்.” நான் சிரித்துவிட்டுப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

அந்தப் பெட்டி அங்கேயே இருந்தது. நீ இலை உதிரும் காலத்தில் வயிற்று வலி என்றாய். ஸ்கேன் என்றாய். பிறகு அம்மா பக்கத்தில் இருக்கணும் போல இருக்கு என்று டிக்கெட் போட்டாய். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது என் வாசலில் நின்று, “முகத்த இப்படி வச்சுக்காதட்டி, ஃபிளைட்ல ஏத்த மாட்டான்” என்றாய். தவக்காலம் தொடங்குவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் விசா நீட்டிப்பு பெண்டிங்கில் இருந்தது. வெளியே போனால் பாஸ்போர்ட்டில் புது விசா ஸ்டாம்பிங் இல்லாமல் திரும்ப வர முடியாது. அதற்குத் தேதி எப்போது கிடைக்கும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. உன் அடக்கத்தை உன் தம்பி வீடியோவில் காட்டினான். கோயில் பேண்டு வாசித்தது. நான் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் கஞ்சிக் கிண்ணமுமாக இந்த சமையலறையில்தான் நின்றேன். சிக்னல் இரண்டு முறை அறுந்தது. பையன் அவன் பாட்டுக்கு வாயைத் திறந்து திறந்து காட்டினான். ஊட்டினேன்.

அப்போதெல்லாம் என்னை அரித்தது நீ போனது மட்டும் இல்லை. உன் கடைசி மேடை அது. நீ எனக்காகச் செய்த பாட்டை உன் வாசிப்பில் கேட்காமல் ஓடி வந்தேன், கேட்டதாகச் சொல்லி உன்னை ஏமாற்றினேன், நீ அதை நம்பிக்கொண்டே போய்விட்டாய். இதை யாரிடம் திருத்துவது?

இந்த வருஷமும் ஃபெஸ்டிவல் வந்தது. ட்ரெவர் மெசேஜ் போட்டிருந்தார், அவள் பாட்டை வாசிக்கிறோம், வா என்று. சதீஷுக்கு இன்று ஆபீசில் ரிலீஸ் வேலை, காலையிலிருந்தே போனும் கையுமாக இருந்தார். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. கடைக்கும் டாக்டர் ஆபீசுக்கும் தவிர நான் எங்கேயும் போனதில்லை. அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தேன். 287-இல் வலது ஓரத்தில் ஒரு லாரியின் பின்னாலேயே ஊர்ந்து போனேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. போய்ச் சேர்ந்துவிட்டேன்டி. பார்க்கிங்கில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பையன் தூங்கிவிட்டான்.

உனக்குப் பிள்ளை இல்லை, ஆனால் உனக்குப் புரியும். இரண்டு ராத்திரி பல் வலியில் தூங்காதவன். கார் சீட் பெல்ட்டைக் கழற்றுகிற அந்த க்ளிக் சத்தம் போதும், எழுந்து சாயங்காலம் வரை கத்துவான். அவனைக் காரில் விட்டுவிட்டுப் போனால் போலீஸ் வரும், வரவேண்டும்தான். மேடை ஐம்பதடி தூரத்தில். நான் ஏசியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குள்ளே, அசையாமல் இருந்தேன். இரண்டு வருஷமாக இப்படித்தான் எங்கேயாவது ஒரு கண்ணாடிக்குள்ளே இருக்கிறேன்.

ட்ரெவர் என்னைக் கண்டுபிடித்து வந்தார். ஜன்னலை நாலு விரல் அளவு இறக்கினேன். தூங்குகிறவனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பரவாயில்லை, இங்கேயே இரு, இங்கேயும் கேட்கும் என்றார். பிறகு தானாகவே சொன்னார்: இந்தப் பாட்டை இன்றைக்குத்தான் முதல் முறையாக மேடையில் வாசிக்கப் போகிறோம். போன வருஷம் எங்களுக்கு முன்னால் வந்த குழு நேரத்தைத் தின்றுவிட்டது, எங்கள் கடைசி இரண்டு பாட்டையும் வெட்டிவிட்டார்கள். டிரம்போன் பெட்டியை அவள் உதைத்த உதை, நீ பார்த்திருக்க வேண்டும். மூன்று மாதமாக அதற்குத்தானே ஒத்திகை பார்த்தாள்.

அவர் போன பிறகும் நான் ஜன்னலை ஏற்றவில்லை.

நீ வாசிக்கவே இல்லை. நான் புல்லரித்துப் போனேன் என்று சொன்னபோது, நீ மேடைக்குப் பின்னால், வாசிக்காத பாட்டின் கோபத்தோடு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய். மூச்சப் பிடிச்சு வச்சிருந்தேன் என்றாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம், எருமை என்று. அதை விட்டுவிட்டு என் பிள்ளையின் காதுக்கு அளவு பார்த்துக் கடை கடையாகப் போயிருக்கிறாய்.

அப்போது லாண்ட்ரி ஆரம்பித்தது. நான் பின் சீட்டுக்கு எக்கி, காதுமூடியைத் தூங்குகிறவன் தலையில் மெதுவாகப் பொருத்தினேன். அசைந்தான், எழவில்லை. நாலு ஜன்னலையும் முழுக்க இறக்கினேன். வெயிலும் பார்பிக்யூ புகையும் ட்ரெவரின் கிட்டாரும் சேர்ந்து உள்ளே வந்தன. அந்தப் பதினாறு ஆவர்த்தனம் வந்தபோது அவர்கள் உன் இடத்தைக் காலியாகவே விட்டார்கள். பேஸும், அரை இடம் தள்ளி விழுகிற இன்னொரு கிட்டாரின் வெட்டும் மட்டும்.

அந்த மோகனப் பிடியை நான் பாடினேன்டி. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பாதிக் குரலில், பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று பாதி வாயை மூடியபடி. மேடை வரைக்கும் போயிருக்காது. பக்கத்து காரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் இழுக்கிற இடத்தில் எனக்கு மூச்சு போதவில்லை. பாதியில் அறுந்துவிட்டது. அது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வந்தேன், அதே வலது ஓரத்தில், அதே வேகத்தில். நாளைக்கும் சதீஷ் ஆபீஸ் போவார், நான் மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்ப்பேன். வக்கீல் இன்னும் பதில் போடவில்லை. ஆனால் பேஸ்மெண்ட்டுக்குத் துணி எடுத்துக்கொண்டு போகும்போது, டிரையர் ஓடுகிற சத்தத்துக்கு அடியில், அந்த இழுப்பை முழுசாக ஒரே மூச்சில் பாடிப் பார்க்கப் போகிறேன்.

போன வருஷம் சொன்னதையே இன்னொரு தடவை சொல்கிறேன், கேட்டுக்கொள். பார்க்கிங்கில் நின்று கேட்டேன்.