எழுத்து விழாத சிலேட்டுகள்

தாம்பரம் கிழக்கு,
18-8-1974

அன்பு மகள் கிருபாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவில் நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சண்டை நீங்கலாக அதேபோல் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அப்பா மேல் கேஸாமே என்று பதறி எழுதியிருந்தாய். புதன்கிழமையோடு அது முடிந்துவிட்டது, பயப்படாதே, நடந்ததை முழுக்கச் சொல்கிறேன்.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் நம் கடைக்காக மண்ணடி மொத்த வியாபாரி ஜெயவேலுவிடம் முந்நூறு தகரச் சிலேட்டு கடனுக்கு எடுத்தேன். விற்றது நாற்பதுதான், மூன்றாம் நாளே அந்த நாற்பது பிள்ளைகளும் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். பலப்பம் வழுக்குகிறது, எழுத்து விழவில்லை, ஈரத்துணியால் துடைத்தால் கறுப்புச் சாயம் கையோடு வருகிறது. எல்லோருக்கும் காசைக் கொடுத்துவிட்டு மண்ணடிக்குப் போய்ச் சொன்னால், "இன்னா சார், எழுத்து வர்லேன்னா பலப்பத்தை அழுத்திப் புடிக்கச் சொல்லு" என்றார் ஜெயவேலு. அப்புறம், "நானே வந்து எடுத்துக்கினு போறேன்" என்றார். அவர் வரவில்லை, ஜனவரியில் சம்மன்தான் வந்தது. சிலேட்டுக்கு அறுநூறு ரூபாய், பழைய நோட்டுப் புத்தகப் பாக்கி எண்பத்தைந்து.

அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று சம்மனைப் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தேன். நம் வீட்டில் அதைவிட மோசமான இடம் உண்டா? ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அம்மா பாட்டைப் புரட்ட, சம்மன் அவள் மடியில் விழுந்தது. மறுநாளே சிட்லபாக்கம் வக்கீல் வேதசிரோமணியிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். இன்னும் நாலே நாள், பதில் மனு போடாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகிக் கடைக்கு ஜப்தி வரும் என்றார் அவர். சரக்கு மோசமென்று எழுத்தில் தெரிவித்தீர்களா என்று கேட்டார். வாயால் சொன்னதோடு சரி என்றேன். அம்மா பையிலிருந்து ஒரு கடித நகலையும், ஜெயவேலு கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்தர் தபால் அட்டையையும் எடுத்து வைத்தாள்! அப்போதே எழுதிவிட்டாளாம். "உங்ககிட்டே சொன்னா, பாவம் அந்த ஆளுன்னு தடுத்திருப்பீங்க" என்றாள். நோட்டுப் பாக்கி எண்பத்தைந்தும் உண்மை, அதை மனுவில் ஒத்துக்கொள்ளவேண்டும் என்று அடம் பிடித்தவளும் அவளே.

செங்கல்பட்டு கோர்ட்டில் ஜெயவேலுவின் வக்கீல், எழுதத் தெரியாத பிள்ளைகளுக்குச் சிலேட்டு என்ன செய்யும் என்றார். முன்சீப் சிரிக்காமல், "அப்படியானால் உங்கள் கட்சிக்காரர் பெயரை அவரே எழுதட்டும்" என்றார். நாங்கள் கொண்டுபோன சிலேட்டில் ஜெயவேலு பலப்பத்தை அழுத்தினார், கிறீச்சென்று சத்தம் வந்ததே தவிர எழுத்து வரவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். வியர்த்த முகத்தை அதே கையால் வழித்தாரா, நெற்றியெல்லாம் கறுப்புச் சாயம்! கோர்ட்டே சிரித்தது. சிலேட்டுப் பணம் தள்ளுபடி, எண்பத்தைந்தை மட்டும் கட்டவேண்டும், சிலேட்டை அவரே எடுத்துப்போக வேண்டும் என்று தீர்ப்பு. வெளியே வந்ததும் ஜெயவேலு அம்மாவிடம், "உன் லெட்டரு வந்தது நெசந்தாம்மா. பேக்டரிக்காரன் என்னை ஏமாத்தினான், நான் சாரை ஏமாத்தப் பாத்தேன்" என்றார். அவர் முகத்தைத் துடைக்க அம்மா முந்தானையை நனைத்து நீட்டவில்லை, குழாய் இருக்கும் இடத்தை மட்டும் காட்டினாள்.

திரும்பும் ரயிலில், என் மேல் கோபமா என்று கேட்டேன். "மறைச்சதுக்குக் கோபம்தான். ஆனா அந்த நாப்பது பிள்ளைங்களுக்கும் ஒரு பேச்சுப் பேசாம காசைக் கொடுத்தீங்களே, அந்த மனுஷனுக்காகத்தான் கோர்ட் படி ஏறினேன்" என்றாள். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. பெருங்களத்தூர் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

நீயும் மாப்பிள்ளையிடம் எதையும் ஒளிக்காதே. குளிர் வருமுன் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை வாங்கு. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் சிறகின் கீழ் காப்பாராக.

அன்புள்ள அப்பா,
எலியேசர்

அம்மா ரத்தினபாய் முத்தங்கள் அனுப்புகிறாள். கடிதம் முழுவதையும் படித்துவிட்டு, தன்னைக் கல்மனசுக்காரி என்று நீ நினைப்பாயாம், முந்தானை விஷயத்தை அடித்துவிடச் சொன்னாள். நான் அடிக்கவில்லை.