அத்தை போட்டுவிட்ட லென்ஸ்

இன்று காலை லென்ஸ் டப்பாவைக் கழுவும்போது, மூடியில் நீங்கள் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு கழன்று தண்ணீரோடு போய்விட்டது, அத்தை. வலது கண் எது, இடது கண் எது என்று மூடியிலேயே ஆங்கில எழுத்து இருக்கிறது. அது உங்களுக்குப் படிக்க வராது. கேட்கவும் மாட்டீர்கள். ஒரு நாள், முகம் பார்க்கும் கண்ணாடியில் நான் ஒட்டி வைத்திருந்த மெரூன் பொட்டுகளில் ஒன்றைப் பிய்த்து மூடியில் அழுத்திவிட்டு, "சோத்துக் கைப் பக்கம் பொட்டு. அவ்ளோதான?" என்றீர்கள். இன்று அந்தப் பொட்டு போனதும் குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றிருந்தேன். உங்கள் மகன் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். மூடியைக் காட்டினேன்.

கல்யாணம் ஆகி உங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கண் மோசமாகிக்கொண்டே போனது. சென்னீர்குப்பம் ஸ்டாப்பில் நின்றால் வருகிற பஸ்ஸின் நம்பர் தெரியாது. ஒரு தெருவிளக்கு மூன்று விளக்காகத் தெரியும். செல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தீர்கள். பூந்தமல்லி கண் டாக்டர்தான், கருவிழி கூம்பிக்கொண்டு வருகிறது, இனி எந்தக் கண்ணாடியும் உதவாது, கெட்டி லென்ஸ் போட்டால்தான் பார்வை என்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு வேலையே சின்னச் சின்ன உதிரி பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது. கண் இல்லாவிட்டால் வேலை இல்லை.

கிளினிக்கில் லென்ஸ் போடப் பழக்கிவிட்ட பெண்ணுக்குப் பொறுமை அதிகம். அவளையே அழவைக்கப் பார்த்தேன். விரல் கிட்டே வந்தாலே இமை இறுக மூடிக்கொள்கிறது. என் உடம்பில் இருக்கிற இமை, என் பேச்சைக் கேட்கவில்லை. எப்படியோ ஒருவழியாக உள்ளே போனாலும், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். மூக்கும் சேர்ந்து ஒழுகும். உங்கள் மகனைப் போட்டுவிடச் சொன்னால், கண்ணைத் தொடுவது என்றதுமே வாசலுக்குப் போய்விடுவார். நீங்கள் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, துட்டு குடுத்து யாராவது கண்ணில் மண்ணை வாங்கிப் போட்டுக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுப் போவீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரமே இரண்டு கண்ணும் சிவந்துவிட்டது. மெட்ராஸ் ஐ என்று முடிவே கட்டிவிட்டீர்கள். காணாமல் போய்த் திரும்பி வந்தபோது கையில் பாலாடை. பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்று வந்திருந்த பெண்ணிடம் போய்த் தாய்ப்பால் வாங்கி வந்திருக்கிறீர்கள். வேண்டாம் அத்தை, உள்ளே லென்ஸ் இருக்கிறது என்று நான் சொல்வதற்குள் தலையைப் பிடித்துச் சாய்த்து ஊற்றியும் விட்டீர்கள். உலகமே வெள்ளையாகிவிட்டது. மறுநாள் கிளினிக் பெண் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது என்ன பிசுக்கு என்று கேட்டாள். நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பால், எச்சில் எதுவும் படக்கூடாது, கண்ணே போய்விடும் என்று அவள் சொல்லச் சொல்ல உங்கள் முகம் மாறியது.

கண் ஆறி, டாக்டர் மறுபடி லென்ஸ் போடலாம் என்று சொன்ன அன்றிலிருந்து அது உங்கள் வேலையாயிற்று. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து கொல்லைக் கதவருகே உட்காருவீர்கள். நான் எதிரில் முக்காலியில். ஒரு கை என் நெற்றியில், ஒரு கையில் லென்ஸ். "நீ சொம்மா இரு. கண்ணு இப்போ என் கைல கீது," என்பீர்கள். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது சொட்டு மருந்து விட்டுப் பழகிய கையாம் அது. அந்தக் கைக்கு மட்டும் என் இமை பயப்படவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நமக்குள் சண்டை வராமல் இல்லை. கருவாட்டுக் குழம்பில் புளியைக் குறைத்துவிட்டேன் என்று நீங்கள் என்னோடு பேசாமல் இருந்ததுண்டு. பேச்சு இருக்காது, காலையில் லென்ஸ் மட்டும் வந்துவிடும். நானாகவே போடப் பழக வேண்டும் என்று கிளினிக் பெண் ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். எனக்கும் ஆசைதான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் நீங்கள் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி வைத்துவிடுவீர்கள். "நான் இருக்க சொல்ல உனுக்கு இன்னாடி கவல?"

அன்றைக்குப் பால் பாக்கெட் வாங்கப் போனீர்கள். வந்து லென்ஸ் போடுகிறேன் என்றுதான் போனீர்கள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது, யார் யாரோ இறங்கினார்கள், ஒரு பச்சைப் புடவையைத் தூக்கி வந்தார்கள். நான், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன் அத்தை. ஐயோ, உங்களைப் பார்த்தே கேட்டேன்.

கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். பிறகு வீடு நிறைந்துவிட்டது. எனக்கு எல்லாம் கலங்கல். வருகிறவர்களைக் குரலை வைத்துத்தான் கட்டிப்பிடித்து அழுதேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். அழுகிற கண்ணில் லென்ஸ் எங்கே நிற்கும்? உங்கள் மகன் ஈர வேட்டியோடு வந்து, முதல்முறையாக என் கண்ணைத் தொட்டார். அவர் விரலிலிருந்து லென்ஸ் தெறித்து விழுந்தது. இரண்டு பேரும் ஈரத் தரையைத் தடவிக்கொண்டிருந்தோம். அப்போது வாசலில் ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "மொகம் பாக்குறவங்கோ வந்து பாத்துக்கோங்கோ."

ஓடினேன். மாலைக்கு நடுவே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. நாலு விரல் தூரத்தில் குனிந்தால் எனக்குத் தெரிந்துவிடும். குனிந்தேன். மேலே விழப்போகிறேன் என்று நினைத்துப் பெண்கள் என் இரண்டு தோளையும் பிடித்து இழுத்துவிட்டார்கள். முகம் தெரியவில்லை, முகம் தெரியவில்லை என்று கத்தினேன். "மாமியார் மேல இம்மாம் பாசமா," என்று யாரோ மூக்கைச் சிந்தினார்கள். துணியை மூடிவிட்டார்கள். யாருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை அத்தை.

காரியமெல்லாம் முடிந்து, தொலைந்த லென்ஸுக்கு வேறு வாங்கியாயிற்று; கம்பெனியில் லீவும் முடியப்போனது. வேறு வழியில்லாமல் கொல்லைக் கதவருகே நானே உட்கார்ந்தேன். பல நாள் தோற்று, ஒரு காலையில் லென்ஸ் சட்டென்று உட்கார்ந்துவிட்டது. கலங்கல் தெளிந்தது. எதிரே கண்ணாடியில் இருந்தது என் முகம். யாரோ தெரியாத ஆளைப் பார்த்ததுபோலப் பயந்துவிட்டேன். தினமும் கண் தெளிந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது உங்கள் முகம்தானே. நாலு விரல் தூரத்தில், மூக்குத்தி கழற்றிய துளை, பல்லில் வெற்றிலைக் காவி, எனக்கு வலிக்குமோ என்று உங்களுக்கே தெரியாமல் சுளித்து வைத்திருக்கும் புருவம். "தெர்தா?" என்று கேட்பீர்கள். தெரியுது அத்தை என்ற பிறகுதான் நெற்றியிலிருந்து கையை எடுப்பீர்கள்.

இப்போது நானேதான் போட்டுக்கொள்கிறேன். போட்டதும், "தெரியுது அத்தை," என்று சொல்கிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு முக்காலியை விட்டு எழுந்திருக்க வரவில்லை.