‘பிடித்தார்கள்’ என்று எழுதிவிட்டேன்

நவ. 15, 1999. திங்கள்.
காலையிலிருந்தே தூறல். துணி காயவில்லை. சிறுவாணித் தண்ணீர் நாளைதான். மெஸ்ஸில் மறுபடி உப்புமா. விடுதி வார்டனான எனக்கும் அதே கதி.

சாயங்காலம் சுமதி அறைக்கு வந்தாள். எம்.எஸ்சி. வேதியியல், முதல் வருடம். அவிநாசிப் பக்கம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வேண்டுமென்றால் தனியாக வா என்றிருக்கிறார் அவளுடைய பேராசிரியர். போனவளைக் கதவைச் சாத்திக் கையைப் பிடித்திருக்கிறார். உதறிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். மணிக்கட்டில் கன்றிப்போன தடம். நோட்டு அங்கேயே. அந்தக் கையெழுத்து இல்லாமல் வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள்.

"ஊட்டுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திப்போடுவாங்க, மிஸ்."

கன்றிய கையால் அவளால் நிறைய எழுத முடியவில்லை. அவள் சொல்லச் சொல்ல நானே புகாரை எழுதினேன். கையெழுத்து மட்டும் அவள் போட்டாள்.

நவ. 17. புதன்.
புகார்க் குழு. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு. எங்கள் தலைவருக்கு மீசை இருக்கிறது. மொத்தம் மூன்று பேர்: அவர், நூலகர், நான். பெண் நான் ஒருத்தி என்பதால் மினிட்ஸ் எழுதும் வேலை எனக்கு.

தலைவர் புகாரைச் சத்தமாக வாசித்தார். ‘பேராசிரியர் அவர்கள் என் கையைப் பிடித்தார்கள்.’

"ஏனுங்க, எத்தனை பேர் புடிச்சாங்க?" என்றார் என்னிடம்.

நூலகர் சிரித்தார். இவ்வளவு மரியாதையாக எழுதும் பெண்ணிடம் அவர் தப்பாக நடந்திருப்பாரா, ஏதோ புரியாமல் சொல்கிறாள் என்று முடித்துவிட்டார் தலைவர். சமாதானமாக அவரிடமே போய்க் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டுமாம். வேண்டுமானால் துணைக்கு ஒரு தோழி போகட்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளை அவளை நேரில் கேளுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன்.

ஆனால் எழுதியது நான்தானே. சுமதி ‘புடிச்சான்’ என்றுதான் சொன்னாள். தமிழ் நடத்துகிறவள் இல்லையா, நான் திருத்தினேன். விண்ணப்பம் என்றாலே என் பேனா தானாகக் குனிந்துவிடுகிறது. என் கையை உடைக்க வேண்டும்.

திங்கட்கிழமைக் குறிப்பைப் புரட்டினேன். அங்கேயும் ‘பிடித்திருக்கிறார்’. இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள் என்று அவனுக்கு இந்த மரியாதை?

நவ. 18. வியாழன்.
மழை இல்லை. குடைக்குக் கம்பி மாற்ற இன்றும் மறந்தேன்.

காலையில் சுமதியிடம் என் தப்பைச் சொன்னேன். "உடுங்க மிஸ், நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

குழுவின் முன்னால் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "கதவைச் சாத்திப்போட்டுக் கையைப் புடிச்சானுங்க" என்றாள்.

வாத்தியாரை அவன் இவன் என்பதா, மரியாதையாகச் சொல்லு கண்ணு என்றார் தலைவர்.

"‘ங்க’ உங்களுக்குப் போட்டதுங்க. அவனுக்கு இல்லீங்க."

நூலகர் இன்று சிரிக்கவில்லை.

‘பிடித்தார்’ என்று போடுங்கள் என்றார் தலைவர் என்னிடம். ‘பிடித்தான்’ என்று எழுதினேன். ரெக்கார்டு நோட்டை அவனிடமிருந்து வாங்கித் துறைத் தலைவி கையெழுத்திட வேண்டும், விசாரணை முடியும்வரை அவன் ஆய்வகத்துக்குள் வரக்கூடாது என்றும் எழுதினேன். தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து போனார். நான் கையெழுத்துப் போட்டேன். நூலகர் ‘பிடித்தான்’ என்ற அந்த ஒரு வரியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பேனாவைக் கேட்டார்.

மூன்றில் இரண்டு கையெழுத்து. பெரும்பான்மை.